ப்ராஜெக்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி செல்லை டெஸ்ட் பண்ணுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் ஒரு செல் கல்ச்சர் லேப்ல, அதாவது உடம்புல இருந்து எடுத்த உயிரணுவை (செல்லை) ஃப்ளாஸ்க்ல வளர்க்கிற லேப்ல வேலை பாக்குறேன். புதுசா பிஎச்டி சேர்ற பசங்க ப்ராஜெக்ட் ஆரம்பிக்கிறப்போ தலைப்புக்கு மாசக்கணக்கா மண்டையை உடைச்சுக்கிறாங்க, கெமிக்கலுக்கு மூணு கொட்டேஷன் வாங்குறாங்க, ஆனா செல்லு மட்டும் பக்கத்து லேப்ல ஓசி. ஃப்ளாஸ்க் மேல மார்க்கர்ல எழுதியிருக்கிற பேரை நம்பி தீசிஸே எழுதிடுறாங்க.

எம்டிஏ-எம்பி-435ன்னு ஒரு செல்லைன் (ஒருத்தர்கிட்ட இருந்து எடுத்து லேப்ல தொடர்ந்து வளர்க்கிற செல் வகை), மார்பகப் புற்றுநோய் செல்லுன்னு உலகம் பூரா வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணாங்க, கடைசியில பாத்தா அது மெலனோமாங்கிற தோல் கேன்சர் செல்லு. ஈசிவி304 கதையும் அதேதான், தொப்புள்கொடி ரத்தக்குழாய் செல்லுன்னு நினைச்சது மூத்திரப்பை கேன்சர் செல்லு. 1951ல கர்ப்பப்பை வாய் கேன்சர் வந்த ஹென்ரியட்டா லேக்ஸ்ங்கிற அமெரிக்க அம்மாகிட்ட இருந்து எடுத்த ஹீலா செல்லு ஒரு சொட்டு தவறி விழுந்தா போதும், கூட இருக்கிறதை ஓரங்கட்டிட்டு அதுவே வளர்ந்துடும். இப்படி ஆள்மாறாட்டம் ஆன செல்லைன் 500க்கு மேல இருக்கு, ஐக்ளாக்னு ஒரு சர்வதேச கமிட்டி லிஸ்ட்டே போட்டு வெச்சிருக்கு, இங்க அதைத் திறந்து பாக்குறவங்க எத்தனை பேரு?

இன்னொண்ணு மைக்கோப்ளாஸ்மா, செல்லோட ஒட்டிக்கிட்டு வளர்ற ரொம்பச் சின்ன பாக்டீரியா. மத்த பாக்டீரியா வந்தா மீடியா (செல்லு வளர்ற சத்துத் திரவம்) கலங்கி மஞ்சளாயிடும், தூக்கிப் போட்டுடலாம். இது உள்ள இருந்தாலும் மீடியா தெளிவா ரோஸ் கலர்ல இருக்கும், சாதாரண மைக்ரோஸ்கோப்ல தெரியாது, செல் சுவரே கிடையாதுங்கிறதால பென்சிலினும் எடுபடாது. செல்லு ஏன் மெதுவா வளருதுன்னு பையன் மீடியால கலக்குற சீரத்தை மாத்துவான், இன்குபேட்டரைத் திட்டுவான் (எங்க இன்குபேட்டர் திட்டு வாங்காத நாளே இல்ல). கடைசியில அவன் போட்ட மூலிகைச் சாறுல செல்லு செத்துச்சா, மைக்கோப்ளாஸ்மாவால செத்துச்சான்னே தெரியாது, ஆனா பேப்பர் மட்டும் வந்துடும்.

மைக்கோப்ளாஸ்மாவை பிசிஆர்ங்கிற டிஎன்ஏ டெஸ்ட்ல ஒரே நாள்ல பாத்துடலாம். செல்லு யாரோடதுன்னு பாக்க எஸ்டிஆர் டெஸ்ட் இருக்கு, போலீஸ் கேஸ்ல டிஎன்ஏ பாக்குற அதே முறைதான். புனேல இருக்கிற என்சிசிஎஸ்ங்கிற தேசிய செல் அறிவியல் மையத்துல செல்லை முறையா வாங்கவும் வழி இருக்கு. கைடுங்க செலவுன்னு இழுக்குறாங்க, அவங்களையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது, காசு கணக்குப் பாத்துதான் வருது.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம ஒரு எலியைத் தொட முடியாது, செல்லுக்கு மட்டும் கேக்க ஆளில்லை. பிஎச்டியை மேற்பார்வை பாக்குற டாக்டரல் கமிட்டியோட முதல் மீட்டிங்லயே இந்த ரெண்டு டெஸ்ட் ரிப்போர்ட்டையும் வைக்கணும்னு யுனிவர்சிட்டிங்க ஒரு சர்க்குலர் போடட்டும், வைவா அன்னிக்கு கேட்டு என்ன பிரயோஜனம்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன், திருச்சி