வரத்துக்கால்வாயையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழ்நாட்டின் நீர்வள நிலவளத் திட்டத்துக்கு 2007-இல் கடன் தந்த உலக வங்கி, 2017-இல் மேலும் 31.8 கோடி டாலர் தர ஒப்பந்தம் செய்தது. ஏறத்தாழ 4,800 ஏரி, குளங்களைச் சீரமைப்பது இலக்கு. ஆய்வுக்கு வரும் வங்கியின் வேளாண் வல்லுநர்கள் கரை, மதகு, உபரிநீர் வழியும் கலங்கல் எல்லாம் பார்க்கட்டும். ஆனால் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயை ஆக்கிரமிப்பும் சீமைக்கருவேலமும் அடைத்துக் கிடந்தால் புது மதகு எதற்கு? ஜீப் போகிற கரையோடு ஆய்வு நின்றுவிடக் கூடாது. பாசன சங்கத் தலைவரோடு பேசுவது போதாது. கடைமடை விவசாயியிடமும் கேட்க வேண்டும், அதுவும் பொறியாளர்கள் பக்கத்தில் இல்லாதபோது. வட்டியோடு கட்டப்போவது நம் வரிப்பணம். திட்டம் முடிந்து இரண்டு ஆண்டு கழித்தும் ஒரு கோடையில் வந்து பார்க்கட்டும்.

ஒரு விவசாயி,
உத்திரமேரூர்.