வில் வாங்கியிருக்கும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

வில் வந்து சேர்ந்த படத்தை உன் அக்கா காட்டினாள். நாணை இழுக்க 70 பவுண்டு விசை வேண்டுமாமே, இருக்கட்டும். ஜூலையில் டெக்சாஸ் வரும்போது காட்டுப்பன்றி வேட்டைக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். கூட்டிப்போகிறேன். ஆனால் "விவசாயிகளுக்கு நம்மால் ஆன உதவி" என்று கூடவே ஒரு வரி எழுதியிருந்தாயே, அதை மட்டும் நியூஜெர்சியிலேயே விட்டுவிட்டு வா.

பன்றியால் பயிருக்குச் சேதம் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. விதைத்த மக்காச்சோளத்தை ராத்திரியோடு ராத்திரியாகச் சால் பிடித்துக் கிளறித் தின்றுகொண்டே போயிருக்கும். காலையில் பார்த்தால் யாரோ கோடு போட்டுத் தோண்டிய மாதிரி இருக்கும். நிலக்கடலையும் சோளமும் தப்பாது. இந்த மாநிலத்தில் மட்டும் பன்றிகள் 26 லட்சத்துக்குக் குறையாது என்று ஒரு மதிப்பீடு உண்டு. பெட்டைக்குச் சினைக்காலம் 115 நாள். ஒரு வயதாகும் முன்பே குட்டி போட்டுவிடும். தொகை பெருகாமல் நிறுத்தி வைக்கவே வருஷத்துக்கு மூன்றில் இரண்டு பங்கை ஒழிக்க வேண்டும் என்கிறார்கள்.

நீயும் நானும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஒன்றைச் சாய்த்தால் அந்தக் கணக்கு எங்கே நகரப்போகிறது? சொல்லப்போனால் கெடுதல்தான். கூட்டத்தில் ஒன்று விழுந்தால் மிச்சமெல்லாம் உஷாராகி, அந்தப் பக்கம் நடுராத்திரியில் மட்டும் வரப் பழகிவிடும். நிஜமாகவே தொல்லை ஒழிய வேண்டும் என்கிற நிலத்துக்காரர் பெரிய வட்டக் கூண்டு வைத்து, கேமராவில் பார்த்துக்கொண்டே இருந்து, குடும்பம் மொத்தமும் உள்ளே வந்த பிறகு போனிலிருந்தே கதவை இறக்குகிறார். 2011இலிருந்து ஹெலிகாப்டரில் பறந்து சுடவும் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. 2017இல் வெப்பக்காற்று பலூனையும் சேர்த்தார்கள். பலூனில் ஏறிப் பன்றி சுட்ட ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. அம்பும் வில்லும் இந்த வரிசையிலேயே வராது. கறிக்காகவும் வேட்டை ஆசைக்காகவும் போகிறோம், அவ்வளவுதான். யாராவது கேட்டால் அப்படியே சொல்.

ஊரில் இதை நினைத்தே பார்க்க முடியாது என்பது உனக்குத் தெரியும். அங்கே காட்டுப்பன்றி மண்ணின் பிராணி, 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. இங்கே அது நம்மைப் போலக் கப்பலோ விமானமோ ஏறி வந்த கூட்டம். 1539இல் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னாண்டோ தெ சோட்டோ ஃபுளோரிடாவில் இறங்கியபோது கூட ஓட்டிவந்த பன்றிகளில் தொடங்கியது. பிறகு குடியேறிகளின் பட்டியில் இருந்து தப்பியவை சேர்ந்தன. 1930களில் வேட்டைப் பிரியர்கள் ஐரோப்பியக் காட்டுப்பன்றியையும் கொண்டுவந்து விட்டார்கள். அதனால் சீசன் கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது. 2019 செப்டம்பரிலிருந்து, தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதம் இருந்தால் லைசென்ஸ்கூட வேண்டாம்.

இப்போது காற்று. வில்லைவிட இதுதான் முக்கியம், ஆனால் யூடியூபில் இதைப் பேசினால் யாரும் பார்க்கமாட்டார்கள் போல. பன்றிக்குக் கண் சுமார், காது நன்றாகக் கேட்கும், மூக்கோ அபாரம். கோடையில் இங்கே பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்குக் காற்று. அதனால் தீனி கொட்டும் இடத்துக்கு வடக்கே உட்காருவோம். வியர்த்துத் தணிய முடியாத உடம்பு என்பதால் பகலெல்லாம் ஓடைக்கரைச் சேற்றில் புரண்டு கிடக்கும். வெயில் சாயும்போது காற்று மந்தமாகும். குளிர்ந்த காற்று பள்ளத்தைப் பார்த்து மெல்ல இறங்கும். பன்றி படுத்திருப்பதும் அந்தப் பள்ளத்தில்தான். ஆறு மணிக்குச் சரியாக இருந்த இடம் எட்டரைக்குத் தப்பாகிவிடும். வாசனையில்லாத பவுடர் அடைத்த சின்னக் குப்பி ஒன்று என் சட்டைப்பையிலேயே இருக்கும். அதை அமுக்கி, தூள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். தூள் ஓடைப் பக்கம் நகர ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுவோம். நியூஜெர்சியிலிருந்து வந்தேன் என்று முறையிட்டு லாபமில்லை.

வருவதற்கு முன்னால் சத்தம் வரும். குட்டிகள் ஒன்றையொன்று இடித்துக் கீச்சிடும், புதர் சலசலக்கும். முதலில் தலைகாட்டுவது கிழட்டுப் பெட்டையாக இருக்கும். வெட்டவெளி ஓரத்தில் நின்று மூக்கைத் தூக்கி, ஈரமான அந்தத் தட்டு மூக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைக்கும். ஒரு உறுமல் போட்டதென்றால் அன்றைய வேட்டை முடிந்தது. போடாமல் குனிந்து மக்காச்சோளத்தை மொறுமொறுவென்று மெல்லத் தொடங்கினால் மற்றவையும் வரும். கொம்பன், அதாவது வளர்ந்த ஆண் பன்றி, பெரும்பாலும் தனியாக, கடைசி வெளிச்சத்தில்தான் வரும். காய்ந்த சேறு பக்கவாட்டில் ஓடு மாதிரி ஒட்டியிருக்கும்.

மான் பொம்மையில் பழகிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். அங்கேதான் சிக்கல். பன்றிக்கு இதயமும் நுரையீரலும் மானைவிடக் கீழே, இன்னும் முன்னால், முன்னங்கால்களுக்கு நடுவே கிடக்கின்றன. மானுக்கு வைக்கிற இடத்தில் குறி வைத்தால் குடலில் பாயும். பிறகு ராத்திரி முழுக்கத் தேட வேண்டியதுதான், கிடைக்கவும் கிடைக்காது. நேர் பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலை ஒட்டி, உடம்பின் கீழ் மூன்றிலொரு பங்கில் குறி வை. அதைவிட நல்லது, அது நம்மிடமிருந்து கொஞ்சம் விலகித் திரும்பி நிற்கும்வரை பொறுப்பது. அப்போது அம்பு விலாவுக்குப் பின்னாலிருந்து நுழைந்து எதிர்த் தோளை நோக்கிப் போகும். பெரிய கொம்பனுக்குத் தோளில் குருத்தெலும்பு போல ஒரு கெட்டிக் கவசம் வளர்ந்திருக்கும், சிலதுக்கு ஒரு அங்குலத்துக்கு மேலும். சண்டைக்காகவே வந்த கவசம். அதில் நேராக மோதி அம்பை வீணாக்காதே. கண்ணப்பரே தன் முதல் வேட்டையில் பன்றியை விரட்டிப் பிடித்துச் சுரிகை என்கிற குறுவாளால்தான் வெட்டினார், நமக்கு அந்தக் கால்கள் கிடையாது.

20 யார்டுக்கு மேல் வேண்டாம். 70 பவுண்டு பற்றியும் ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்தபடி, வில்லை வானத்துக்குத் தூக்காமல், நிதானமாக இழுக்க முடிகிறதா பார். முடியாவிட்டால் பத்து பவுண்டு இறக்கிக்கொள். அம்புமுனை நிலையான பிளேடாக, சவரம் செய்கிற கூர்மையில் இருக்கட்டும்.

பொடிக்குட்டிகளோடு வரும் தாயை நான் அடிப்பதில்லை. நிலத்துக்காரர் கேட்டால் சிரிப்பார். அவருடைய கணக்குக்கு முதலில் போக வேண்டியதே அதுதான். உதவி செய்யப் போகிறோம் என்று நான் சொல்லிக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அம்பு பட்டதும் துள்ளி ஓடாதே. அரைமணி நேரம் இடத்தைவிட்டு நகரக்கூடாது. தோலும் கொழுப்பும் காயத்தை அடைத்துக்கொள்ளும், ரத்தத் தடம் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைக்கும். தலைவிளக்கோடு முள்புதருக்குள் போகும்போது அடிபட்ட கொம்பன் நம்மைப் பார்த்துத் திரும்பலாம், காலடியில் கிலுகிலுப்பைப் பாம்பும் இருக்கலாம். முட்டிவரை பூட்ஸ் வாங்கிவிடு.

கறி விஷயத்தில் சோம்பல் கூடாது. ராத்திரி ஒன்பது மணிக்கும் 30 டிகிரிக்குக் குறையாத சூடு; குடலை உடனே எடுத்து, ஐஸில் போட்டாக வேண்டும். வெறுங்கையால் தொடாதே, ரப்பர் கையுறை போட்டுக்கொள். புரூசெல்லா கிருமி இவற்றில் உண்டு, வெட்டுக்காயம் வழியாக ஏறிவிடும். சமைக்கும்போது உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். இளம்பெட்டைக் கறிதான் ருசி. சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப்போட்டு நான் வறுப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் பேசு. கிழட்டுக் கொம்பன் நாற்றமடிக்கும்.

உன் அக்கா ஒரே நிபந்தனை போட்டிருக்கிறாள்: இரும்புச் சட்டி, அடுப்பு, கறி எல்லாம் கொல்லைப்புறத்தில், சமையலறைப் படி ஏறக்கூடாது. வறுத்ததும் முதல் தட்டு அவளுக்கு வேண்டுமாம்.

சனிக்கிழமை என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை ராத்திரி காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன். வடக்குக் காற்றாக மாறியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை.

அன்புடன்,
அத்தான்