ராயபுரம் ரத்த மாதிரி முகாமுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பிள்ளைகளுக்கு வளர்சிதை மாற்றக் கோளாறு (சாப்பாட்டை உடம்பு பயன்படுத்துவதில் வரும் கோளாறு), மைட்டோகாண்ட்ரியா கோளாறு (செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் பகுதியில் வரும் கோளாறு) என்று சந்தேகம் வந்தால் எடுக்கும் ரத்தத்தில், மெஷின் செய்யும் தப்பைவிட எடுக்கும்போதும் கொண்டுபோகும்போதும் நடக்கும் தப்புதான் அதிகம். அதைத் தடுத்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி நர்ஸ் அக்காமார்களுக்கு. பிள்ளை அழுது திமிறினாலே லாக்டேட் (தசை பாடுபடும்போது ரத்தத்தில் சேரும் பொருள்) ஏறிவிடும். ரப்பர் பட்டையை இறுக்கி வைத்திருந்தாலும் அப்படித்தான். மரத்துப்போகும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே தடவி, மடியில் வைத்து அமர்த்தி, பட்டை கட்டாமலே எடுத்தீர்கள். லாக்டேட்டுக்குச் சாம்பல் மூடி ட்யூப், அம்மோனியாவுக்கு (புரதம் சிதையும்போது வரும் கழிவு) ஊதா மூடி ட்யூப், எதையும் குலுக்காமல் மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலந்தது வரை அத்தனையும் சரி.

காசிமேட்டு ஐஸ்காரர்களுக்குத் தனி நன்றி. ட்யூபில் இருக்கும்போதே ரத்த அணுக்கள் அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் உடனே குளிரில் வைக்க வேண்டும். ஆனால் ஐஸ் கட்டி நேராகப் பட்டால் ரத்தம் பனிக்கட்டிபோல் உறைந்து சிவப்பணு உடையும், அளவு பொய்யாக ஏறும். மீனுக்குப் போடும் பாளத்தைப் பொடித்து, தண்ணீர் கலந்து தெர்மாகோல் பெட்டியில் கொட்டித் தந்தீர்களே, வேண்டியது அதுவேதான். கன்டெய்னர் லாரி வரிசையில் சிக்காமல் சந்து சந்தாகப் புகுந்து, கால் மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்த ஆட்டோ அண்ணன்களுக்கும் அதே நன்றி.

ரத்தச் சொட்டு அட்டைகளை உலர்த்த மருந்துக்கடை அண்ணாச்சி ஏசி அறையையே விட்டுக்கொடுத்தார். குதிகாலின் ஓரத்தில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டில் அட்டையின் வட்டத்தை ஒரே பக்கமாக நிரப்பி, அதைப் படுக்கை வாட்டில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்த வேண்டும். வெயில் ஆகாது. நம் கடலோரப் புழுக்கத்தில் ஈரமாகவே உறையில் போட்டால் கேலக்டோசீமியாவுக்கு (பால் சர்க்கரையை உடம்பு கையாள முடியாத நோய்) பார்க்கும் நொதி கெட்டு, இல்லாத நோய் இருப்பதாக வரும்.

கடைசியாகப் பால் குடித்த நேரம், வலிப்பு மாத்திரையின் பெயர், சமீபத்தில் ரத்தம் ஏற்றினார்களா என்பதையெல்லாம் மறைக்காமல் எழுதித் தந்த அம்மாக்களுக்கும் நன்றி. "ஒரே ஒரு பிஸ்கட்தான்" என்று ஒருவர் ஃபாரத்தின் ஓரத்தில் எழுதியிருந்தார். ரத்தத்தில் அமினோ அமிலம் (புரதத்தின் கூறு) பார்க்கும் டாக்டருக்கு அதுவும் தேவை.

சிவப்பணு உடைந்த மாதிரியை ரிப்போர்ட் ஆக்காமல் "மறுபடி எடுங்க" என்ற லேப் ஊழியர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

லாக்டேட் சரியாக வந்தவர்கள் ஃபைலைப் பரணில் போட வேண்டாம். மைட்டோகாண்ட்ரியா கோளாறு இருந்தும் அது சரியாக வருவதுண்டு. அடுத்து மரபணுச் சோதனைக்குச் சிறுநீர் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். சில மரபணு மாற்றங்கள் வயது ஏற ஏற ரத்தத்தில் குறைந்துவிடும், சிறுநீரில் தெரியும்.

அன்புடன்,
முகாம் ஏற்பாட்டுக் குழுவினர், ராயபுரம்