அந்தக் காப்ஸ்யூலை நிறுத்து

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை; உன் எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்துபோனதுதான் பெரிய குறை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அந்த மெலிவு காப்ஸ்யூலைச் சாப்பிட்டு ஆறு கிலோ குறைந்தது சந்தோஷம்தான். ஆனால் வாய் வறண்டு போகிறது, ராத்திரி தூக்கமில்லை, படியேறினால் நெஞ்சு படபடக்கிறது என்றாயே! கேட்டால், "மூலிகை காப்ஸ்யூல்தானே" என்கிறாய். மருந்துக் கடையில் இத்தனை வருஷம் நின்றவள் சொல்கிறேன், நீ சொன்னதெல்லாம் சிபுட்ரமைனின் பக்க விளைவுகள்.

ஒரு காலத்தில் அது எடை குறைக்க டாக்டர் சீட்டுக்குக் கொடுத்த மாத்திரைதான். மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்கள் சீக்கிரம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்ததுபோல் இருக்கும். அதே நார்அட்ரினலின் இதயத் துடிப்பையும் பி.பி.யையும் ஏற்றிவிடும். இதய நோயோ சர்க்கரையோ உள்ள சுமார் 10,000 பேரிடம் ஆய்வு செய்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் ஆபத்து 16 சதவீதம் கூடியிருந்தது. 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனை நின்றது. 2011 பிப்ரவரியில் நம் அரசும் தடை செய்தது.

கடையை விட்டுப் போனது கலப்படமாகத் திரும்பி வந்துவிட்டது. இயற்கை, மூலிகை என்று விற்கும் மெலிவு மருந்துகளைச் சோதித்த அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. திரும்பத் திரும்ப இதைக் கண்டுபிடித்திருக்கிறது. லேபிளில் ஒரு வார்த்தை இருக்காது. உன் டப்பாவில் என்ன இருக்கிறதென்று சோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் உனக்கு ஏற்கெனவே பி.பி. உங்கள் அப்பாவுக்கு என்ன ஆனதென்று நான் சொல்ல வேண்டுமா?

வசந்தி வீட்டுக் கல்யாணத்தில் அந்தப் பெரியம்மா சொன்ன பேச்சுக்காகவாடி இதெல்லாம்? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. எடையைக் குறைக்க வேண்டுமென்றால் குறை, டாக்டரைப் பார்த்துவிட்டுக் குறை. இப்போது வந்திருக்கும் செமாகுளூட்டைட் ஊசியிலும் வாந்தி உண்டு, அபூர்வமாகக் கணைய வீக்கமும் வரும். ஆனால் உள்ளே போவது என்ன, எவ்வளவு என்று தெரியும், டாக்டர் கவனித்துக்கொள்வார்.

இன்றே நிறுத்திவிடு. டப்பாவை எறியாதே, டாக்டரிடம் காட்டு. பி.பி. பார்த்து ஓர் ஈ.சி.ஜி.யும் எடுத்துவிடு. நெஞ்சு வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடு. துணைக்கு ஆள் இல்லையென்றால் சொல், ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி வருகிறேன்.

உன்,
செல்வி