பூட்டிக்கொண்ட கைப்பேசி தொடர்பாகக் குறைதீர்ப்பு அலுவலருக்குப் புகார்

அனுப்புநர்:
விசைத்தறி உரிமையாளர் ஒருவரின் மகள்,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
கைப்பேசித் தயாரிப்பு நிறுவனம், இந்தியத் தலைமை அலுவலகம்.

பொருள்: கடவு எண் மறந்ததால் பூட்டப்பட்ட கைப்பேசி, தங்கள் சேவை மையத்திலேயே அழிக்கப்பட்டு மீண்டும் பூட்டிக்கொண்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

வணக்கம். என் தந்தையார் பயன்படுத்திவந்த, தங்கள் நிறுவனம் தயாரித்த கைப்பேசியைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். அதன் திரை உடையவில்லை. அது தண்ணீரில் விழவில்லை. பேட்டரியும் நன்றாகவே இருக்கிறது. இருந்தும் அது எங்களுக்குப் பயன்படாமல் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கட்டணமில்லாத் தொலைபேசி எண், இணைய அரட்டை, திருப்பூர் மையம், கோயம்புத்தூர் மையம் என்று தங்கள் நிறுவனத்தின் எல்லா வாசல்களிலும் நின்று, ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதையைச் சொல்லி ஓய்ந்துபோன பிறகே இதை எழுத்தில் வைக்கிறேன். இனி ஒருவரிடம் முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஆடி மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அவர் மருத்துவமனையில் இருந்த நாட்களில் கைப்பேசி சார்ஜ் இறங்கித் தானாக அணைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சார்ஜ் ஏற்றி மீண்டும் இயக்கியபோது அது கடவு எண்ணைக் கேட்டது. அப்பாவின் கட்டைவிரல் ரேகை அதில் பதிவாகியிருக்கிறது. அந்த விரலோடு அப்பாவும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் அணைந்து மீண்டும் இயங்கிய ஆண்ட்ராய்டு கைப்பேசி முதல்முறை விரல் ரேகையை ஏற்பதில்லை என்பதும், உள்ளிருக்கும் தரவுகளைத் திறக்கும் சாவி அந்த எண்ணோடுதான் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தயாரித்த தங்களுக்கு அது முதல் நாளே தெரியும். நோய்க்குப் பின் அப்பாவுக்குச் சில எண்களும் பெயர்களும் வருவதில்லை. எந்தத் தறியில் எந்தப் பாவு, அதாவது நெடுக்கு நூல், ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறார். பேத்தியின் பெயர் சில நேரம் வருவதில்லை. நினைவுக்கு வந்த எண்களையெல்லாம் போட்டுப் பார்த்தோம். முதலில் 30 விநாடி காத்திருக்கச் சொன்ன கைப்பேசி, போகப்போகக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனது.

தங்கள் கட்டணமில்லா எண்ணில் பேசிய பெண்மணி மிகவும் மரியாதையாகவே பேசினார், அதை மறுக்கவில்லை. பெட்டியும் ரசீதும் கொண்டுவந்தால், உள்ளே இருப்பதை அழிக்காமலேயே சேவை மையத்தில் திறந்து கொடுப்பார்கள் என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அதன் பிறகு நடந்த எல்லாம் நடந்தது. கடவு எண் இல்லாமல், தரவுகளை அழிக்காமல், இக்காலக் கைப்பேசியைத் தயாரிப்பாளராலும் திறக்க இயலாது என்பது தங்கள் நிறுவனத்தின் தொலைபேசியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதா? தெரியாதென்றால் அவரை எதற்கு அங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள்? தெரிந்தே சொன்னார் என்றால் அதற்குச் சட்டத்தில் பெயர் உண்டு. அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

திருப்பூர் மையத்தில், இது வாங்கி அனுப்பும் இடம் மட்டுமே, கோயம்புத்தூருக்குப் போங்கள் என்றார்கள். கோயம்புத்தூர் மையத்தைத் தொலைபேசியில் கேட்டால், உரிமையாளர் நேரில் வந்தே ஆக வேண்டும் என்றார்கள். பக்கவாதம் வந்தவர், ஒரு பக்கம் கை கால் சரியாக விளங்கவில்லை, பேச்சும் குழறுகிறது என்று விளக்கினேன். அதெல்லாம் விதி, மேடம் என்று பதில் வந்தது. ஆகவே ஒரு கார் பேசி, அப்பாவை முன் இருக்கையில் உட்கார வைத்து, சூலூர், சிங்காநல்லூர் நெரிசலையெல்லாம் தாண்டிக் காந்திபுரம் போய்ச் சேர்ந்தோம். தங்கள் மையம் முதல் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இல்லை. நேரில் வரச் சொன்னவர்கள் அதையும் சொல்லியிருக்கலாம். கார் ஓட்டுநரும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அப்பாவை மேலே ஏற்றினோம்.

இவ்வளவு தூரம் அழைத்துச் சென்ற மனிதரை அங்கே யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆதார் அட்டையின் நகலை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நகல் போதுமென்றால் அப்பா எதற்கு வர வேண்டும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தாங்கள் விளக்கினால் நன்றி உடையவளாவேன்.

இரண்டாவது கவுண்டரில் இருந்த இளைஞரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ரசீது தெர்மல் தாளில் அடித்தது, எழுத்து மங்கியிருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி அவர் சொன்னது இது: "பெரியவருக்கு நம்பரே ஞாபகம் இல்லைன்னா, இது இவரு போன்தான்னு நாங்க எப்படி நம்பறது? எங்கயாவது எடுத்துட்டு வந்ததா இருந்தா?" என் தந்தையார் நாற்பது ஆண்டுகளாகத் தறி ஓட்டியவர். பாவு நூல் கொடுக்கும் உற்பத்தியாளர்கள் ரசீதில்லாமல் அவர் பேச்சை நம்பி நூல் இறக்கிவிட்டுப் போவார்கள். அந்த மனிதர் பதில் சொல்ல வாயெடுத்தார், சொல் வரவில்லை. அந்த இளைஞர் அதற்குள் அடுத்த டோக்கனை அழைத்துவிட்டார்.

சந்தேகப்படுவது தவறில்லை. திருட்டுக் கைப்பேசிகள் வருகின்றன என்பதை நானும் அறிவேன். ஆனால் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வழி இருந்தது. பெட்டியில் ஒட்டியிருக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய தனி அடையாள எண்ணை, கைப்பேசியில் பதிந்திருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு ஒப்பிட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் KYM என்று இட்டு அந்த எண்ணை 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது முடக்கப்பட்ட கைப்பேசியா இல்லையா என்று தொலைத்தொடர்புத் துறையே சொல்லிவிடும். இதை எனக்குச் சொன்னவன் கல்லூரியில் படிக்கும் என் மச்சினன். அவனுக்குத் தெரிந்தது தங்கள் ஊழியருக்குத் தெரியவில்லை. அல்லது, ஒரு முதியவரைத் திருடன் என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது.

கோபத்தில் வரிசை தவறிவிட்டேன். விட்ட இடத்துக்கு வருகிறேன். வேறொரு ஊழியர் வந்து, அழிக்காமல் திறக்க முடியாது, ஆனால் உள்ளே இருந்ததெல்லாம் கூகுள் கணக்கில் பத்திரமாக இருக்கும், அழித்தாலும் உள்நுழைந்தவுடன் திரும்பி வந்துவிடும் என்று உறுதி சொல்லி, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார். கட்டணமும் வாங்கினார். அழித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து இயக்கினால், முன்பு இதில் இருந்த கணக்கின் கடவுச்சொல்லை இடு என்று ஒரு திரை வந்து நின்றது. இப்படி அழித்தால் பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும் பாதுகாப்பு, 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1 வந்ததிலிருந்தே இருக்கிறது. திருடனுக்குப் பயன்படாமல் போவதற்காக வைத்த பூட்டு அது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அழிக்கும் முன், கணக்கின் கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வியைத் தங்கள் ஊழியர் கேட்டிருந்தால், நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

அந்தக் கணக்கைத் தொடங்கியவர் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியை வாங்கிய நாளில், கடையில் தங்கள் நிறுவனத்தின் பெயர் போட்ட டி-சர்ட் அணிந்து நின்ற பையன்தான் கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லைத் தானே தட்டி, "எல்லாம் போட்டுட்டனுங்ணா, இனி நீங்க பேச வேண்டியதுதான்" என்று அப்பா கையில் கொடுத்தான். மீட்பு எண்ணாக அப்பாவின் எண்ணைக்கூட அவன் இணைக்கவில்லை. ஆகவே சிம்மை என் கைப்பேசிக்கு மாற்றிப் போட்டும் கணக்கை மீட்க வழியில்லாமல் போயிற்று.

இணைய அரட்டையில் கேட்டால், ரசீதைக் காட்டினால் இந்தப் பூட்டைச் சேவை மையமே நீக்கும் என்கிறார்கள். சேவை மையத்தைக் கேட்டால், அது கூகுள் நிறுவனத்தின் வேலை, எங்களால் ஆகாது என்கிறார்கள். நாங்கள் நெய்து கொடுக்கும் துணியில் குறை விழுந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள்; அப்போது நூல் மில்லைப் போய்க் கேளுங்கள் என்று நாங்கள் சொன்னால் மறுநாள் எங்களுக்குப் பாவு வராது. பெரிய நிறுவனமான தங்களுக்கு மட்டும் அந்தப் பேச்சு செல்லுபடியாவது எப்படி?

இழப்பைப் பற்றி எழுதாமல் முடியாது. எங்களுடையது கூலிக்கு நெசவு செய்யும் தொழில். எந்த உற்பத்தியாளர் எத்தனை பீம், அதாவது பாவு சுற்றிய உருளை, இறக்கினார், குறுக்கே ஓட எவ்வளவு ஊடை நூல் வந்தது, எத்தனை மீட்டர் திரும்பிப் போனது என்ற சீட்டுகளையெல்லாம் அப்பா படம் எடுத்து அந்தக் கைப்பேசியில்தான் வைத்திருந்தார். இப்போது கூலிப் பாக்கி கேட்டுப் போனால் அவர்கள் ஒரு மீட்டர் கணக்குச் சொல்கிறார்கள், நாங்கள் வேறொரு கணக்குச் சொல்கிறோம், காட்டுவதற்குச் சீட்டில்லை. இது பல லட்ச ரூபாய் விவகாரம். எங்கள் பிழைப்பே தங்கள் மையத்தின் முதல் மாடியில் அழிந்துவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது. தறிகளை எடைக்குப் போட வேண்டிய நிலை வந்தால் அதற்கும் தங்கள் நிறுவனமே பொறுப்பு. குலதெய்வக் கோயிலில் பேத்திக்குக் காது குத்தியபோது அப்பா தம் கையால் எடுத்த படங்களும் அதோடு போயின. அவற்றுக்குத் தாங்களே ஒரு விலை போட்டுச் சொல்லுங்கள்.

இருந்தாலும், வழக்கு வம்பு என்று அலைய எங்களுக்கு விருப்பமில்லை, நேரமும் இல்லை. தாங்கள் பொறுப்பான பதவியில் இருப்பவர். தங்கள் பார்வைக்கு வந்தால் இது சரியாகும் என்ற நம்பிக்கையில்தான் பணிவோடு வேண்டுகிறேன். பெட்டி, ஐ.எம்.இ.ஐ. எண், கடையிலிருந்து மீண்டும் கேட்டு வாங்கிய ரசீதின் நகல், அப்பாவின் ஆதார் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். இவற்றைச் சரிபார்த்துக் கணக்குப் பூட்டை நீக்கிக் கைப்பேசியை எங்கள் வீட்டுக்கே அனுப்பிவைக்க வேண்டும். இனி எந்த மையத்துக்கும் நாங்கள் வருவதாக இல்லை. வாங்கிய சேவைக் கட்டணத்தையும் கோயம்புத்தூர் போய்வந்த கார் வாடகையையும் திருப்பித் தர வேண்டும். இரண்டாவது கவுண்டர் இளைஞர் என் தந்தையாரிடம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையில் பேரம் இல்லை, பணத்தைக்கூடக் குறைத்துக்கொள்கிறேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருப்பூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(11), தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. நிறுவனத்தின் அலுவலகம் எங்கிருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று பிரிவு 34 கூறுகிறது. ரூ.5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருள் தொடர்பான புகாருக்குக் கட்டணமும் கிடையாது. தொழிலுக்குப் பயன்படுத்திய கைப்பேசி, ஆகவே நுகர்வோர் அல்ல என்று தங்கள் வழக்கறிஞர் சொல்ல நினைத்தால், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர்களை அதே சட்டம் நுகர்வோர் என்றே ஏற்றிருப்பதையும் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். இவற்றையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்தது தங்கள் நிறுவனம்தான்.

பதிலை எழுத்தில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அழைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை அழையுங்கள். மற்ற நாட்களில் தறிச் சத்தத்தில் மணி கேட்காது. உரிமையாளரைப் பேசச் சொல்லுங்கள் என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளரின் மகள்