கடல் மீன் குஞ்சின் இரைக்கும் இரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடல் மீன் வளர்ப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளில் கூண்டு, வலை, அறுவடை, விற்பனை எல்லாம் பேசப்படுகின்றன. முட்டை பொரிந்த பிறகான முதல் முப்பது நாட்களைப் பற்றி ஒரு வரிகூடக் காண முடிவதில்லை. குஞ்சுகள் பெருமளவில் மடிவது அந்த நாட்களில்தான். தண்ணீர் சரியில்லை, நோய் தாக்கிவிட்டது என்று காரணம் சொல்லப்படுகிறது. பல வேளைகளில் கோளாறு தீனியில் இருக்கிறது. அதுவும் தீனி குறைந்ததால் அல்ல. வயிறு புடைக்கத் தின்ற குஞ்சுகளும் கொத்துக் கொத்தாகச் சாகின்றன.

கொடுவா, களவா போன்ற மீன்களின் குஞ்சு பொரிக்கும்போது இரண்டு மில்லிமீட்டர் நீளம் இருந்தாலே அதிகம். அது சுமந்து வரும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும். அதற்குள் வாய் திறக்க வேண்டும், கண் கறுக்க வேண்டும். இரைப்பை அப்போது உருவாகியிருக்காது. குடல் வெறும் குழாய்தான். புரதத்தை உடைக்கும் பெப்சின் சுரக்கவும் நாளாகும். அதனால் தூள் தீவனம் உள்ளே போனாலும் சரியாகச் செரிக்காது. தவிர, அசையாத துகளை அந்தக் குஞ்சு இரையென்றே கண்டுகொள்வதில்லை. நீந்தும் இரை, வாயின் அகலத்தில் பாதிக்கு மேல் போகாத இரை வேண்டும். கொடுவாவுக்கு ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய நீருயிரியில் 100 முதல் 200 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) அளவுள்ள சிறு வகை போதும். களவாவுக்கு அதுவே பெரிது. மிகச்சிறு வகை ரோட்டிஃபரோ, கோப்பிபாட் என்னும் நுண்ணிய ஓட்டுயிரியின் இளம் பருவமான நாப்ளியோ கொடுத்தாக வேண்டும். கரு தீர்ந்தபின் ஓரிரு நாள் பட்டினி கிடந்த குஞ்சு, பிறகு தொட்டி கொள்ளாமல் இரை விட்டாலும் பிடித்துத் தின்னும் வலுவை மீண்டும் பெறாது.

தொட்டியில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 ரோட்டிஃபர் இருக்குமாறு பார்த்துக்கொள்வது பெரும்பாலான பொரிப்பகங்களுக்குத் தெரிந்ததே. எண்ணிக்கை சரியாக இருந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

ரோட்டிஃபர் ஒரு பை. நாம் அதற்குள் எதைப் போட்டோமோ அதுதான் குஞ்சுக்குப் போய்ச் சேரும். நன்னீர் மீன்களில் பல, தாவர எண்ணெயில் உள்ள சிறிய கொழுப்பமிலங்களிலிருந்து டிஎச்ஏ, இபிஏ என்னும் நீண்ட சங்கிலி ஒமேகா-3 கொழுப்பமிலங்களைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். கடல் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திறன் போதாது. கடலில் இவை இரையோடு தாராளமாகக் கிடைக்கின்றன. தொட்டியில் நாம்தான் கொடுக்க வேண்டும். மூளையும் விழித்திரையும் உருவாக டிஎச்ஏ வேண்டும். கண்ணால் பார்த்து வேட்டையாடும் குஞ்சுக்கு விழித்திரை சரியில்லை என்றால் அடுத்த இரையும் கைக்கு எட்டாது.

பேக்கரி ஈஸ்ட் போட்டால் ரோட்டிஃபர் மளமளவெனப் பெருகும். பத்து லட்சம் ரோட்டிஃபருக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் என்பது பழைய கணக்கு. ஆனால் ஈஸ்ட்டில் டிஎச்ஏவும் இல்லை, இபிஏவும் இல்லை. ஜப்பானில் ஈஸ்ட்டை மட்டும் தின்ற ரோட்டிஃபரைக் கொடுத்து வளர்த்த குஞ்சுகள் பெருமளவில் செத்தபோது, காரணம் இந்தக் கொழுப்பமிலக் குறைவே என்று தகேஷி வதனபேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களுக்குள் தெளிவாகக் காட்டிவிட்டார்கள். இன்றும் செலவைக் குறைக்க ஈஸ்ட்டோடு நிறுத்திக்கொள்ளும் பொரிப்பகங்கள் இருப்பது வேதனை.

பாசி போட்டால் போதாதா என்று கேட்கலாம். எந்தப் பாசி என்பதைப் பொறுத்தது. நானோகுளோராப்சிஸில் இபிஏ நிறைய உண்டு, டிஎச்ஏ இல்லையென்றே சொல்லலாம். ஐசோகிரைசிஸில் டிஎச்ஏ உண்டு. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. முடியாதபோது செறிவூட்டல், அதாவது இந்தக் கொழுப்பமிலங்களை ரோட்டிஃபருக்குள் ஏற்றுவது, செய்தே தீர வேண்டும். ரோட்டிஃபரை 50 மைக்ரான் வலையில் வடித்து அலசி, சுத்தமான கடல்நீரில் மில்லிலிட்டருக்கு 200 முதல் 300 வரை இருக்குமாறு விட வேண்டும். டிஎச்ஏ கூடிய எண்ணெய்க் குழம்பை லிட்டருக்கு 50 மில்லிகிராம் கணக்கில் எடுத்து, கொஞ்சம் தண்ணீரோடு மிக்சியில் இரண்டு மூன்று நிமிடம் அடித்து ஊற்ற வேண்டும். மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு முறை அதே அளவு. ஆறாவது மணி நேரத்தில் வடித்தெடுத்து, மீண்டும் நன்றாக அலச வேண்டும்.

இந்தக் கடைசி அலசலைப் பலரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஒட்டியிருக்கும் எண்ணெய் குஞ்சுத் தொட்டியின் மேல்மட்டத்தில் படலமாகப் படரும். பல கடல் மீன் குஞ்சுகள் முதல் சில நாட்களில் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கித்தான், உடலை மிதக்க வைக்கும் நீந்துப்பையை ஊத வைக்கின்றன. படலம் அதைத் தடுத்துவிடும். நீந்துப்பை ஊதாத குஞ்சு தலையைத் தூக்கிக்கொண்டு ஓயாமல் வாலடித்து நீந்தும், முதுகெலும்பு வளையும். அந்த நாட்களில் மேல்மட்ட நீரை மெதுவாக வழியவிட்டோ படலம் வழிப்பான் வைத்தோ எண்ணெயை நீக்க வேண்டும்.

செறிவூட்டிய ரோட்டிஃபர் தொட்டியில் பட்டினியாகக் கிடந்தால், 28 பாகை வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே தான் ஏற்றிய சத்தைத் தானே எரித்துவிடும். காலையில் ஒரே முறை கொட்டிவிட்டுப் போனால் மாலையில் குஞ்சு தின்பது வெற்று ரோட்டிஃபரைத்தான். மூன்று நான்கு தவணையாகப் பிரித்துக் கொடுப்பதும், தொட்டி நீரில் பாசியை விட்டு வைப்பதும் இதற்காகத்தான்.

ரோட்டிஃபருக்கு அடுத்து, சற்று வளர்ந்த குஞ்சுக்குக் கொடுக்கும் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரியில் இன்னும் கவனம் தேவை. அதன் முட்டை பொரியும்போது வெளிவரும் கிளிசரால், நோய் உண்டாக்கும் விப்ரியோ பாக்டீரியாவுக்கு நல்ல உணவு. ஆகவே அறுவடை செய்த நாப்ளியை ஓடு நீக்கி, ஓடும் நீரில் அலசாமல் குஞ்சுத் தொட்டிக்குள் விடக் கூடாது. புதிதாகப் பொரித்த நாப்ளிக்கு வாய் திறந்திருக்காது. செறிவூட்டக் குறைந்தது எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு மில்லிலிட்டருக்கு 200 நாப்ளி வரை வைத்து, லிட்டருக்கு 300 மில்லிகிராம் குழம்பை 12 மணி நேர இடைவெளியில் இருமுறை கொடுக்கலாம். அப்போது கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மொத்தமும் போய்விடும். உடலில் ஏறிய டிஎச்ஏவை ஆர்ட்டீமியா இபிஏவாக மாற்றிவிடும் தன்மையுடையது. செறிவூட்டியதை உடனே கொடுக்க வேண்டும், அல்லது குளிரில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.

குருணைத் தீவனத்துக்குப் பழக்குவதைப் பற்றி ஒன்று மட்டும். உயிர்த்தீவனத்தை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஒரு வாரமாவது இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, ஆர்ட்டீமியாவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பசித்த நேரமான காலையில் முதலில் குருணை, பிறகு ஆர்ட்டீமியா. அடியில் தேங்கியதை அன்றன்றே குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். கொடுவாவில் இந்தக் கட்டத்தில் பெரியது சிறியதை விழுங்கும். சில நாளுக்கு ஒருமுறை அளவு பிரிக்காமல் எந்தத் தீவனமும் பலன் தராது.

டிஎச்ஏ குறைந்த குஞ்சு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அளவு பிரிக்க வலையில் தூக்கும்போதும் பையில் கட்டி அனுப்பும்போதும்தான் சுருண்டு சாகும். வாங்குபவர் அதைப் பயணத்தின் மீது போட்டுவிடுகிறார். எனவே பொரிப்பகத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டு வாங்குமாறு வேண்டுகிறோம்: ரோட்டிஃபர் எதைத் தின்று வளர்ந்தது, ஆர்ட்டீமியா செறிவூட்டப்பட்டதா, குருணைக்கு எத்தனையாவது நாளில் முழுமையாக மாறியது. அதோடு, ஒரு சிறு வலையில் இருபது குஞ்சுகளை எடுத்துச் சில விநாடி காற்றில் வைத்து, மீண்டும் நீரில் விட்டு மறுநாள் எத்தனை பிழைத்தன என்று பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் இந்த விவரங்களை விற்பனைச் சீட்டிலேயே எழுதித் தருவது வழக்கமாக வேண்டும். இதைத் தங்கள் வேளாண் பக்கத்தில் வெளியிட்டால் வாங்குவோரும் கேட்கத் தொடங்குவார்கள்.

இப்படிக்கு,
கடல் மீன் குஞ்சுப் பொரிப்பகப் பணியாளர்கள்