அந்த எதிரொலி பனிக்கட்டிதானா?

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள சிவா,

டர்பனிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. டிராகன்ஸ்பெர்க்கில் பனி விழுந்த சேதி அறிந்தேன். இங்கே எல்லோரும் நலம். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது.

செவ்வாயின் மண்ணுக்கடியில் இருப்பது பனிக்கட்டிதான், பாறை இல்லை என்று ரேடாரை வைத்து எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ரேடார் அளப்பது ஆழத்தை அல்ல, நேரத்தை. செவ்வாயைச் சுற்றும் விண்கலம் ஒன்றிலுள்ள ஷராட் என்ற ரேடார் கருவி 15 முதல் 25 மெகாஹெர்ட்ஸ் அலைகளை அனுப்புகிறது. முதல் எதிரொலி தரையிலிருந்தும் அடுத்தது அடுக்கின் அடியிலிருந்தும் வரும். இடைவெளி 2 மைக்ரோ விநாடி என்று வைத்துக்கொள். வெற்றிடமானால், போய்வரும் தூரத்தில் பாதியாக அது 300 மீட்டர். ஒரு பொருள் ரேடார் அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்பதைக் காட்டும் எண் மின்காப்பு மாறிலி. அதன் வர்க்கமூலத்தால் இந்தத் தூரத்தை வகுக்க வேண்டும். பனிக்கட்டிக்கு மாறிலி 3.15, ஆகவே தடிமன் 169 மீட்டர். நம்மூர்க் கரும்புத் தோட்டங்களில் குவித்து வைத்திருக்கிறார்களே, அந்த எரிமலைக் கருங்கல்லைப் போல இறுகிய பாறைக்கு ஏறத்தாழ 8. அப்போது 106 மீட்டர்தான். எது சரி என்று அந்த எதிரொலி சொல்லாது.

அதனால் தடிமனை வேறு வழியில் அளந்தாக வேண்டும். செவ்வாயின் ஆர்க்கேடியா சமவெளியில் சில மோதல் பள்ளங்களின் சுவர் படிக்கட்டுபோல் இறங்குகிறது. அடுக்கு மாறும் இடத்தில்தான் அந்தப் படி. ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து படியின் ஆழத்தை அளந்து, ரேடார் நேரத்தோடு பொருத்தினார்கள். 2015இல் மாறிலிக்கு வந்த விடை ஏறத்தாழ 2.5. இறுகிய பாறைக்கு இந்த எண் வராது.

ஆனால் உலர்ந்த, துளைகள் நிறைந்த எரிமலைச் சாம்பலும் 3க்கு அருகில் தரும். செவ்வாயின் நடுக்கோட்டருகே மெடூசே ஃபோஸே என்ற பகுதியில் இந்தக் குழப்பம் பல ஆண்டு இருந்தது. 2024 ஆய்வில் அங்கே படிவின் தடிமன் 3.7 கிலோமீட்டர் வரை போகிறது. அவ்வளவு கனத்தில் சாம்பல் தன் எடையாலேயே நசுங்கி, மாறிலி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. பனிக்கட்டி என்பதற்கு இது வலுவான வாதம் என்பது என் எண்ணம். தோண்டிப் பார்த்ததற்கு ஈடாகாது.

நம்மை ஏமாற்றும் இன்னொன்று, பக்கத்து மலைகள். அவற்றின் எதிரொலி தாமதமாக வந்து, நிலத்தடி அடுக்கு போலவே தெரியும். நில உயர வரைபடத்திலிருந்து போலி எதிரொலியைக் கணித்து ஒப்பிட வேண்டும். கணிப்பிலும் அதே கோடு இருந்தால், அதைத் தயங்காமல் தள்ளிவிடு.

எனக்கு உண்மையான கவலை மேலடுக்கைப் பற்றித்தான். செவ்வாய்க்குப் போன ஒடிசி விண்கலத்தின் நியூட்ரான் கருவி, தண்ணீருக்கு அடையாளமான ஹைட்ரஜனை ஏறத்தாழ 1 மீட்டர் ஆழத்துக்குள் மட்டுமே உணரும். ஷராடுக்கோ தரையின் பலத்த எதிரொலி முதல் 10, 20 மீட்டரை மூடிவிடுகிறது. வருங்காலத்தில் துளையிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்களுக்கு வேண்டிய ஆழம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதை நேராகப் பார்க்க, இன்னும் உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்கும் ரேடார் ஒன்று செவ்வாயைச் சுற்ற வேண்டும்.

கணக்கை 5 மைக்ரோ விநாடிக்கு நீயே போட்டுப் பார்த்து எழுது.

அன்புடன்,
குமரன்